எல்லை நகர்ந்த ஊரில் ஒரு வீட்டு எண்

என் தோழி தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி வைத்திருந்தவை மூன்றே மூன்று தாள்கள். முதல் உலகப் போருக்கு முன்பு அவர் நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்கியபோது எழுதப்பட்ட கப்பல் பயணிகள் பட்டியலின் நகல் ஒன்று. அதில் அவருடைய நாடு ஆஸ்திரியா. 1920-களில் அமெரிக்கக் குடியுரிமை கேட்டு அவர் அளித்த விண்ணப்பம் மற்றொன்று; அதில் போலந்துக் குடியரசின் மீதான பற்றுறுதியைத் துறப்பதாக அவர் கையொப்பமிட்டிருந்தார். மூன்றாவது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு தங்கையின் குடும்பத்திடமிருந்து வந்த கடிதத்தின் உறை; கடிதம் தொலைந்துவிட்டது, உறையில் ஒட்டியிருந்த சோவியத் அஞ்சல் தலை மட்டும் எஞ்சியிருந்தது. இந்த மூன்று தாள்களை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை தன்னை ஆஸ்திரிய வழி என்றும், இன்னொன்று போலந்து வழி என்றும், மற்றொன்று ரஷ்ய வழி என்றும் நம்பி மூன்று தலைமுறைகளாக வாழ்ந்துவந்தது.

தாள்களில் எதுவும் பொய் சொல்லவில்லை. அவர் பிறந்த ஊர் இன்று மேற்கு உக்ரைனில், தெர்னோபில் மாநிலத்தில் இருக்கிறது. அது இருந்த இடத்தைவிட்டு ஒரு முழம்கூட நகரவில்லை. அதன் மேலிருந்த அரசுகள்தாம் நகர்ந்துகொண்டே இருந்தன. 1772-இல் போலந்து முதன்முறையாகப் பங்கிடப்பட்டபோது ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு எடுத்துக்கொண்டு கலீசியா என்று பெயரிட்ட நிலப்பரப்பில் அந்த ஊர் சேர்ந்தது. 1809 முதல் 1815 வரை தெர்னோபில் வட்டாரம் மட்டும் ரஷ்யப் பேரரசின் கையில் இருந்து, பின்னர் ஆஸ்திரியாவுக்கே திரும்பியது. 1918-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்ததும் உக்ரைனியரும் போலந்துக்காரரும் அந்த மண்ணுக்காகப் போரிட்டார்கள், போலந்து வென்றது. 1939-இல் சோவியத் படை வந்தது, 1941-இல் ஜெர்மானியப் படை வந்தது, 1944-இல் மீண்டும் சோவியத் படை வந்தது, 1991-இல் உக்ரைன் தனி நாடாயிற்று.

பல ஆண்டுகளாக நண்பர்களுக்காகவும் நண்பர்களின் நண்பர்களுக்காகவும் குடிவழி தேடிக்கொடுத்துவரும் எனக்கு, இந்த வேலையில் மிகக் குறைவாக நம்பத்தக்க சாட்சி எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் நாட்டின் பெயர் என்றே சொல்வேன். எந்த நாடு என்ற கேள்வியோடு தேடத் தொடங்குகிறவர் தவறான காப்பகத்தின் வாசலில்தான் பெரும்பாலும் போய் நிற்கிறார். தோழியின் தேடலில் நானே அப்படித்தான் நின்றேன். ஆஸ்திரியா என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, இன்றைய ஆஸ்திரியக் குடியரசின் பங்குப் பதிவேடுகளில் (பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரம்) நான்கு மாதங்களைச் செலவழித்தேன். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தச் சமயம். இம்மூன்றும் கிடைத்துவிட்டால், அந்த ஆண்டில் அந்த ஊரில் பிறப்பை எழுதிவைக்கும் பொறுப்பு யாருக்கு இருந்தது என்பது தெரியும். அவர் எழுதிய ஏடு பின்னர் யார் கைக்குப் போனது என்பதையும் படிப்படியாகக் கண்டுபிடிக்கலாம்.

ஊரின் பெயரைக் கண்டடைவதே முதற்கட்டப் போராட்டம். அமெரிக்காவுக்குப் போனவர்களின் வழித்தோன்றல்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. 1906 செப்டம்பருக்குப் பிந்தைய குடியுரிமை விண்ணப்பங்களில் பிறந்த ஊரும் பிறந்த நாளும் கேட்டு எழுதப்பட்டன. 1907-க்குப் பிந்தைய கப்பல் பட்டியல்களில் பிறந்த ஊரோடு, சொந்த நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் பதியப்பட்டன. பட்டியலின் இரண்டாம் பக்கத்தைப் பார்க்காமல் விடுகிறவர்கள் ஏராளம். உறவினர் முகவரியோடு இருக்கும் பகுதி பெரும்பாலும் அங்கேதான் தொடரும். ஆனால் எழுதியவர் அந்த மொழி தெரியாதவராக இருந்தால், அவர் காதில் விழுந்த ஒலிதான் தாளில் ஏறியிருக்கும். எழுத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பயனில்லை, வாய்விட்டுப் படிக்க வேண்டும். போலந்து மொழியில் ‘வ்’ ஒலிக்கு ஓர் எழுத்து, ஜெர்மானியத்தில் அதே எழுத்து அதே ஒலிக்கு, ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கு வேறோர் ஒலி என்பது நினைவில் இருந்தால் பல முடிச்சுகள் தாமாகவே அவிழும்.

ஒலியைச் சரிசெய்த பிறகும் பெயர்க் குழப்பம் தீராது. ஜெர்மானியர் லெம்பர்க் என்றும், போலந்துக்காரர் ல்வூஃப் என்றும், ரஷ்யர் ல்வோவ் என்றும், உக்ரைனியர் ல்வீவ் என்றும், லத்தீனில் எழுதிய குருமார் லியோபோலிஸ் என்றும் குறித்தது ஒரே நகரத்தைத்தான். ஸ்தானிஸ்லாவூஃப் என்று பழைய தாளில் இருப்பதை இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. 1962-இல் அது இவானோ-ஃபிரான்கிவ்ஸ்க் ஆகிவிட்டது. இன்றைய பிராட்டிஸ்லாவா, ஹங்கேரியருக்குப் பொஜோனியாகவும் ஜெர்மானியருக்குப் பிரெஸ்பர்க்காகவும் இருந்தது. நகரங்களாவது பெயர் பெற்றவை. சிற்றூர்களின் நிலைமை இன்னும் கடினம்: புதூர் என்று பொருள்படும் நோவா வியெஸ் என்ற பெயரில் மட்டும் போலந்தில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. எது நம் ஊர் என்பதை மாவட்டப் பெயரோ, பங்கு ஆலயத்தின் பெயரோ, பக்கத்து ஊரின் பெயரோதான் தீர்மானிக்கும்.

இதற்காகவே பழைய ஊர்ப்பெயர் அகராதிகளை நான் பொக்கிஷமாகக் கருதுகிறேன். ஜெர்மானியப் பேரரசின் பரப்பு முழுவதற்கும் 1912-13-இல் வெளிவந்த மாயர்ஸ் அகராதி, எந்தச் சிற்றூருக்கும் அதன் பதிவு அலுவலகம் எங்கே இருந்தது, ஊரிலேயே தேவாலயம் உண்டா என்பதைச் சொல்லிவிடும். பழைய போலந்து நிலப்பகுதிகளுக்கு 1880 முதல் 1902 வரை பதினைந்து தொகுதிகளாக வெளிவந்த புவியியல் அகராதி இருக்கிறது. அதில் எந்தச் சமயத்தார் எந்த ஊர்ப் பங்கைச் சேர்ந்தவர்கள் என்பதுவரை பல ஊர்களுக்கு விவரம் உண்டு. ஹாப்ஸ்பர்க் பேரரசு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மூன்று முறை நடத்திய இராணுவ நில அளவைகளின் வரைபடங்கள் இன்று இணையத்தில் இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தப்பட்டுக் கிடைக்கின்றன. பழைய பெயரைப் பழைய வரைபடத்தில் கண்டுபிடித்து, அடியிலுள்ள புதிய வரைபடம் தெரியும்படி மேலடுக்கை மெல்ல மங்கச் செய்யும்போது இன்றைய பெயர் எழுந்துவருவதைப் பார்ப்பது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம்.

ஊர் கிடைத்ததும் சமயம். கலீசியாவில் பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1784-இல் பிறப்பித்த ஆணைப்படி பங்குத்தந்தையரே அரசின் பதிவாளர்களாகவும் ஆனார்கள். ஏட்டின் கட்டங்கள்கூட அரசு வகுத்தவை. அவற்றில் ஒரு பக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இடது ஓரத்தில் பிறந்த நாளும் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நான, நாளும். அடுத்து வீட்டு எண். அடுத்து குழந்தையின் பெயர், லத்தீனில்: வீட்டில் யான் என்றோ இவான் என்றோ அழைக்கப்பட்ட குழந்தை இங்கே யோவான்னெஸ், வோய்ச்சியெக் இங்கே அடால்பெர்த்துஸ். பிறகு சமயத்துக்கு இரண்டு கட்டங்கள், ஆணா பெண்ணா என்பதற்கு இரண்டு, முறைப்படி மணந்தவர்களின் பிள்ளையா இல்லையா என்பதற்கு இரண்டு. குருவானவர் ஒவ்வொன்றிலும் பொருந்தும் கட்டத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதன் பின் பெற்றோர், பிற்காலப் பதிவுகளில் தாத்தா பாட்டிகளின் பெயர்களும் சேர்ந்து, தொழிலோடு. பெரும்பாலும் அக்ரிகோலா, அதாவது உழவர். கடைசியில் ஞானப்பெற்றோர், அதாவது திருமுழுக்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள். பல பங்குகளில் பேறு பார்த்த மருத்துவச்சியின் பெயரும் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும்.

அந்தக் கோடுகளை அவசரப்பட்டுப் படித்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. கலீசிய யூதர்களில் பலர் தங்கள் சமய முறைப்படி மட்டும் மணந்துகொண்டார்கள். அந்தத் திருமணங்களை அரசு ஏற்காததால், அவர்களுடைய பிள்ளைகள் முறைப்படி பிறக்காதவர்கள் என்றே எழுதப்பட்டுத் தாயின் குடும்பப் பெயரோடு பதிவானார்கள். ஒரே தாய்தந்தையரின் மூத்த பிள்ளைகள் ஒரு குடும்பப் பெயரிலும், பெற்றோர் பின்னாளில் அரசு முறைப்படியும் பதிவுசெய்துகொண்ட பிறகு பிறந்தவர்கள் வேறு குடும்பப் பெயரிலும் இருப்பதை வைத்து அந்தப் பெண்மணியைப் பற்றித் தவறாக எண்ணிய வழித்தோன்றல்களை நான் அறிவேன். கட்டத்தில் விழுந்த கோடு அரசின் கணக்கு. அந்த வீட்டின் ஒழுக்கத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

எல்லை மாறினால் ஏட்டின் மொழியும் வடிவமும் நாட்காட்டியும் கூடவே மாறும் என்பதை பிரான்ஸ்-ஜெர்மனி எல்லையிலுள்ள அல்சாஸ் பகுதியைப் பார்த்தால் விளங்கிக்கொள்ளலாம். 1792-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவை ஆலயங்களிடமிருந்து எடுத்து நகராட்சிகளிடம் கொடுத்தது. அடுத்த ஆண்டு நாட்காட்டியையே மாற்றியது. ஆகையால் 1793 முதல் 1805 முடிய உள்ள பதிவுகளில் குடியரசு நாட்காட்டியின் மாதப் பெயர்களும் ஆண்டு எண்களும்தான் இருக்கும். 1871-இல் ஃபிராங்க்ஃபர்ட் உடன்படிக்கையால் பகுதி ஜெர்மனிக்குப் போயிற்று. ழான் என்று பதிவான அண்ணனுக்கு யோஹான் என்ற தம்பி பிறந்தார். பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர விரும்பியவர்கள் 1872 அக்டோபர் 1-க்குள் அதை அறிவிக்க வேண்டியிருந்தது. அப்படி அறிவித்தவர்களின் பட்டியல்கள் இன்று குடிவழி தேடுவோருக்குப் பேருதவி. முதல் உலகப் போரின் முடிவில் பிரான்ஸ், 1940-இல் ஜெர்மனி, போர் முடியும் தறுவாயில் மீண்டும் பிரான்ஸ். ஐந்தாம் தலைமுறைப் பேரப்பிள்ளை இரண்டு மொழிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் தன் ஊர்க்காரர்களைப் படிக்க முடியாது.

ரஷ்யாவின் பிடியிலிருந்த போலந்தில் வேறு கதை. அங்கே நெப்போலியன் காலத்து வழக்கப்படி, கட்டங்கள் இல்லாமல், ஒரு பத்தி உரைநடையாகவே பதிவு எழுதப்பட்டது; 1868 வரை போலந்து மொழியில், அதன் பிறகு முதல் உலகப் போரின்போது ரஷ்ய ஆட்சி விலகும்வரை ரஷ்ய மொழியில். தேதிகள் இரண்டிரண்டாக இருக்கும்: ரஷ்ய ஆட்சியின் பழைய யூலியன் நாட்காட்டிப்படி ஒன்று, போலந்துக்காரரின் கிரிகோரியன்படி, அதாவது இன்று நாம் பயன்படுத்தும் நாட்காட்டிப்படி, ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடைவெளி பன்னிரண்டு நாள், 1900 மார்ச் முதல் பதின்மூன்று நாள். தாத்தாவின் பிறந்த நாள் ஒரு தாளில் 5 என்றும் இன்னொன்றில் 17 என்றும் இருந்தால் இரண்டு மனிதர்களைத் தேடிப் போக வேண்டாம். ஜெர்மானியப் பேரரசின் மிகப் பெரிய அரசான பிரஷ்யாவில் 1874 அக்டோபர் 1 முதலும், ஹங்கேரியில் 1895 அக்டோபர் 1 முதலும் அரசே நேரடியாகப் பதிவைத் தொடங்கியது. அதற்குப் பிந்தைய தேடல் ஒப்பீட்டளவில் எளிது.

ஆனால் 1920 ஜூன் 4-இல் கையெழுத்தான திரியனோன் உடன்படிக்கையால் பழைய ஹங்கேரி அரசின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் அண்டை நாடுகளுக்குப் போய்விட்டதால், ஹங்கேரிய மொழியில் எழுதப்பட்ட ஏடுகள் இன்று சுலோவாக்கியாவிலும் ருமேனியாவிலும் செர்பியாவிலும் இருக்கின்றன. 1910-இல் முகாசெவோவில் பிறந்து 1992 வரை அங்கேயே வாழ்ந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரிய-ஹங்கேரியில் பிறந்து, செக்கோசுலோவாக்கியாவில் பள்ளிக்குப் போய், 1938-க்குப் பின் ஹங்கேரியின் குடியாகி, போருக்குப் பின் சோவியத் நாட்டில் உழைத்து ஓய்வுபெற்று, உக்ரைனில் கண்மூடியிருப்பார். அவருடைய நாட்டினம் என்னவென்று பேரனின் படிவத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் எழுதச் சொல்வது எவ்வளவு பொருந்தாத கேள்வி!

இனி தோழியின் தேடலுக்கு வருகிறேன். குடியுரிமை விண்ணப்பத்திலிருந்து ஊரின் பெயரைச் செப்பனிட்டு எடுத்தோம். கொள்ளுத்தாத்தா லத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த ரோமன் கத்தோலிக்கர் என்பது குடும்பத்துக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எல்லை மேற்கே தள்ளப்பட்டபோது, கிழக்குக் கலீசியாவின் போலந்துக்காரர்கள் லட்சக்கணக்கில் புதிய போலந்துக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் போய்ச் சேர்ந்தது, ஜெர்மானியர் வெளியேற்றப்பட்ட விரோத்ஸ்வாஃப் போன்ற நகரங்களுக்கு. மனிதர்களைப் போலவே ஏடுகளும் எல்லை கடந்தன. அந்தப் பகுதியின் ரோமன் கத்தோலிக்கப் பதிவேடுகளில் ஒரு பெருந்தொகுதி இன்று வார்சாவிலுள்ள பழைய ஆவணங்களின் மையக் காப்பகத்தில் இருக்கிறது. இன்று போலந்தின் கிழக்கு எல்லையில் ஓடும் பூக் ஆற்றுக்கு அப்பாலுள்ளவை என்பதே அந்தத் தொகுதியின் பெயர். பெரும்பகுதி இணையத்தில் படமாகவே கிடைக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் திருமுழுக்குப் பதிவை அங்கே ஒரு மாலைப் பொழுதில் கண்டோம்: வீட்டு எண் 31, தந்தை உழவர். அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு தம்பிகளும் அதே எண்ணில் இருந்தார்கள். தங்கை மட்டும் இல்லை.

முன்னும் பின்னுமாகப் பதினைந்து ஆண்டுகளின் பக்கங்களைப் புரட்டியும் தங்கை இல்லை. சோவியத் உறையை அனுப்பிய பெண் உண்மையில் உடன்பிறந்தவர்தானா, அல்லது தூரத்து உறவினரா என்று குடும்பத்தில் சிலர் ஐயுறத் தொடங்கினார்கள். உறை தவிர வேறு சான்று இல்லாத ஒரு பெண்ணைக் குடும்ப மரத்திலிருந்து எடுத்துவிடலாம் என்ற பேச்சுக்கூட எழுந்தது. அப்போது நான் தாயின் பெயருக்குத் திரும்பிப் போனேன். தந்தையின் குடும்பப் பெயர் போலந்து வழக்கிலும் தாயின் குடும்பப் பெயர் உக்ரைனிய வழக்கிலும் இருந்தன. தாய் கிரேக்கக் கத்தோலிக்கராக, அதாவது கிழக்கத்திய வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கத்தோலிக்கராக, இருந்திருக்கலாம் அல்லவா? இரு முறையினரும் ஒரே திருத்தந்தையை (போப்பாண்டவரை) ஏற்றவர்கள். கலீசியச் சிற்றூர்களில் இரண்டு ஆலயங்களும் ஒன்றையொன்று பார்த்து நின்றன. இரு முறையினரும் கலந்து மணப்பது சாதாரணமாக இருந்தது. பிள்ளைகளை யார் பக்கம் சேர்ப்பது என்ற பூசலைத் தீர்க்க 1863-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: ஆண் பிள்ளைகள் தந்தையின் வழிபாட்டு முறையிலும், பெண் பிள்ளைகள் தாயின் வழிபாட்டு முறையிலும் திருமுழுக்குப் பெற வேண்டும்.

ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் பிறந்த அண்ணன் ஒரு பங்கின் ஏட்டிலும் தங்கை இன்னொரு பங்கின் ஏட்டிலும் ஏறியது இப்படித்தான். அதன்பின் பல பத்தாண்டுகள் கழித்து அந்த ஏடுகளும் பிரிந்தன. அண்ணனின் ஏடு வார்சாவுக்குப் போயிற்று. கிரேக்கக் கத்தோலிக்க ஏடுகளோ பெரும்பாலும் உக்ரைனியக் காப்பகங்களில் தங்கிவிட்டன. அண்ணனைத் தேடிப் போலந்துக்கும் தங்கையைத் தேடி உக்ரைனுக்கும் போக வேண்டும் என்ற இந்த நிலையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. தங்கைகள் இல்லாத குடும்பங்கள் என்று எத்தனை குடும்ப மரங்கள், தேடியவருக்கு இந்த ஒரு விதி தெரியாததால், பாதிக் கிளைகளோடு நின்றுவிட்டனவோ!

உக்ரைனியக் காப்பகத்தில் தேடுவது இப்போது முன்பைவிட அவசரமான வேலையாகிவிட்டது. 2022-இல் முழு அளவிலான படையெடுப்பு தொடங்கிய பிறகு, கெர்சோன் மாநிலக் காப்பகத்திலிருந்து ரஷ்யப் படையினர் ஆவணங்களைப் பெருமளவில் எடுத்துச் சென்றார்கள். எல்லை மாறுவது முடிந்துபோன வரலாறு என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போர்க்காலத்திலும் ஏடுகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும் காப்பகப் பணியாளர்கள் முகம் தெரியாத எத்தனையோ குடும்பங்களுக்குச் செய்வது பெரும் தொண்டு.

அப்படி ஏற்றப்பட்ட ஒரு படத்தில்தான் தங்கை கிடைத்தார். கட்டங்கள் அதே கட்டங்கள், மொழி அதே லத்தீன், குருவானவரின் கையெழுத்து மட்டும் வேறு. வீட்டு எண் 31. தந்தை, தாய் பெயர்கள் பொருந்தின. ஆனால் பெயர்கள் அந்த ஊரில் பலருக்கும் பொதுவானவை என்பதால் நான் இன்னும் தயங்கினேன். தோழிதான் அடியில் இருந்த சிறிய எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தார். மூன்று அண்ணன்களுக்கும் பேறு பார்த்த அதே மருத்துவச்சியின் பெயர் அங்கே இருந்தது. அந்த அம்மையாருக்கு இரண்டு ஆலயங்களும் ஒன்றுதான். கூப்பிட்ட வீட்டுக்குப் போயிருக்கிறார்.

பிறகு நாங்கள் அந்த ஊருக்கு ஆஸ்திரியர் காலத்தில் வரையப்பட்ட நிலவரி வரைபடத்தைத் தேடி எடுத்தோம். அந்த வரைபடங்களில் கல் கட்டடங்கள் சிவப்பாகவும் மர வீடுகள் மஞ்சளாகவும் தீட்டப்பட்டிருக்கும். கூடவே உள்ள நிலப் பதிவேட்டில் ஒவ்வொரு மனைக்கும் உரியவரின் பெயரும் வீட்டு எண்ணும் இருக்கும். 31-ஆம் எண்ணுக்குரிய மனை, ஓடையை ஒட்டிய தெருவின் கடைசியில், விரல் நகத்தைவிடச் சிறிய மஞ்சள் சதுரமாக இருந்தது. அதிலிருந்து இரண்டு ஆலயங்களுக்குமான தூரத்தைத் தோழி திரையின் மேல் விரலால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.